ஆறாவது வரி

பிப்ரவரி 9, திங்கள்

இந்த அணிக்கு இது நாலாவது வாரம். ஆறு பேர், எல்லோரும் கடைசி வருஷ மருந்தியல் மாணவர்கள். புத்தகத்தில் இருப்பதைக் கேட்டால் கொட்டுகிறார்கள். ஒரு நோயாளியை முன்னால் உட்கார வைத்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுப்பதற்குத்தான் இந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என்னை வைத்திருக்கிறார்கள்.

இன்று வகுப்பில் நானே நோயாளி. முதலில் காது கேளாதவள். அப்புறம் எதைச் சொன்னாலும் "தெரியும், தெரியும்" என்கிறவள். கடைசியில் மாத்திரையைப் பார்த்தாலே அழுகிறவள். நான் அழ ஆரம்பித்ததும் நெட்டையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். "நோயாளி தப்பிச்சு ஓடறதைக் கேள்விப்பட்டிருக்கேன், மருந்தாளுநர் ஓடறதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எனக்கு 'டிக் மேடம்' என்று பெயர் வைத்திருப்பது தெரியும். என் செய்முறைத் தாள்களால் வந்த பெயர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள், வரி வரியாக. செய்தால் டிக், செய்யாவிட்டால் கட்டம் காலி. தாளைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் பிள்ளையும் தடுமாறாது என்பது என் கட்சி. இன்சுலின் பேனா, அதாவது பேனா மாதிரி இருக்கிற ஊசி மருந்து, சொல்லிக்கொடுக்கிற என் வகுப்பில் ஒன்பது வருஷமாக ஒரு விரலில் ஊசி ஏறியதில்லை.

ஆறு பேரில் ஒரு பெண்ணை மற்றவர்கள் 'நகல்' என்று கூப்பிடுகிறார்கள். நான் எப்படிச் செய்கிறேனோ அப்படியே செய்வாள். பேசுவதற்கு முன் நான் தொண்டையைச் செருமுவேன், அதுகூட அவளுக்கு வந்துவிட்டது. "மேடம் செய்றது சரின்னா அப்படியே செய்றதுல என்ன தப்பு?" என்று கிண்டல் செய்தவர்களிடம் கேட்டாளாம். காதில் விழுந்ததும் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஆண்கள் வார்டு, பதினாலாம் படுக்கை. தையல்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வலது காலில் ஆறாத புண், சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, புதிதாக இன்சுலின் எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்டில் எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லித்தர நகலை அழைத்துப் போனேன். அவள் பேச, நான் பக்கத்தில் தாளோடு.

"நாப்பது வருஷமா ஊசியோட குடித்தனம் நடத்தறேன். எனக்கே ஊசி பிடிக்கச் சொல்லித் தர்றியாம்மா?" என்றார் அவர். மனைவி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நகல் சிரிக்கவில்லை. செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். மாதிரிப் பேனாவில் ஊசியைப் பொருத்தி, ஸ்பாஞ்சில் அழுத்திக் காட்டி, பத்து வரை எண்ணி எடுத்தாள். பிறகு அவரைத் திரும்பச் செய்யச் சொன்னாள். அவர் அப்படியே செய்தார். மனைவி விரல்விட்டு எண்ணினார்.

பதினாலு வரிக்கும் பதினாலு டிக். வார்டுப் படிவத்தில் 'பயிற்சியாளர் முன்னிலையில்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சா மேடம்?" என்றாள்.

"நானே செஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றேன். இந்த வருஷம் நான் யாரையும் இவ்வளவு பாராட்டியதில்லை. முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி துவைத்தேன், தூங்கினேன். எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

மருந்து கொடுக்கும் ஜன்னலில் கூட்டம் தாங்கவில்லை. தையல்காரரின் மனைவி வந்திருந்தார். இரண்டு வாரப் பரிசோதனையில் சர்க்கரை குறையவே இல்லையாம். டாக்டர் பத்து யூனிட்டைப் பதினாறு ஆக்கியிருக்கிறார்.

"தினமும் ஒழுங்காப் போட்டுக்கறாரா?"

"ஒரு நாள் விடலைம்மா. வலிக்கவே இல்லையாம். அந்தப் பொண்ணு அருமையாச் சொல்லிக் குடுத்துச்சுன்னு அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லிட்டிருக்கார்."

பெருமையாக இருந்தது. மனுஷன் வாயைக் கட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "சாப்பாட்டுல கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கச் சொல்லுங்க" என்று மருந்தைத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

தையல்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நினைவு பாதிதான் இருந்தது. சர்க்கரை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. கால் புண் கறுத்திருக்கிறது என்றார்கள். தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள்.

நகல் இரண்டு தடவை வந்து கேட்டாள், "நம்ம பதினாலாம் படுக்கையா மேடம்?"

மார்ச் 6, வெள்ளி

 எழுதித்தான் ஆக வேண்டும்.

வார்டு சிஸ்டர் கெட்டிக்காரி. வீட்டிலிருந்து பேனாவையும் ஊசிப் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லி, "அவர் எப்படிப் போட்டுக்குவார்னு நீங்க செஞ்சு காட்டுங்க" என்று அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா தலையணையில் செய்து காட்டினார். ஊசியைப் பொருத்தினார். மூடியைக் கழற்றினார். பதினாறு திருப்பி, அழுத்தி, பத்து வரை எண்ணினார். எடுத்தபோது தலையணை உறையில் ஈரம்.

எனக்கு ஃபோன் வந்தது. ஓடினேன். மறுபடி செய்து காட்டினார்.

அந்த ஊசிக்கு இரண்டு மூடி. வெளியே பெரியதாக ஒன்று. அதை எடுத்தால் உள்ளே மெல்லியதாக இன்னொன்று, ஊசிக்கு உறை போட்ட மாதிரி. இரண்டையும் கழற்ற வேண்டும். அந்த அம்மா ஒன்றைத்தான் கழற்றினார். மூன்று வாரமாக அவர் கணவரும் ஒன்றைத்தான் கழற்றியிருக்கிறார். ஊசி தோலைத் தொடவே இல்லை. மருந்தெல்லாம் வயிற்றின் மேல் வழிந்திருக்கிறது. வலிக்கவே இல்லையாம்! எப்படி வலிக்கும்?

"சட்டை நனையும்மா. நான் வேர்வைன்னு நினைச்சேன்."

பெட்டிக்குள் தாள் இருக்கிறது, படம்கூடப் போட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? நாங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று நம்புகிறார்கள்.

சிஸ்டர் என்னைப் பார்த்து, "யார் இவங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒரு மாணவி" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அந்த வார்டில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் வகுப்பில் ஒரு பையன் விரலில் ஊசி ஏறியது. ஏற்கெனவே இன்னொருவன் குத்திக்கொண்டிருந்த ஊசி. ரத்தப் பரிசோதனை, அவன் அப்பாவின் கூச்சல், எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அன்றே ஒரு விதி வைத்தேன்: வகுப்பில் உள்மூடியைக் கழற்றக் கூடாது. அது இருக்கும்போதே ஸ்பாஞ்சில் அழுத்துங்கள். முதல் வருஷங்களில், "கழட்டினதா வச்சுக்குங்க, வீட்டுல கட்டாயம் கழட்டணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அப்புறம் எப்போதோ சொல்வதை விட்டுவிட்டேன். எந்த வருஷம்? தெரியவில்லை. என் கண்ணுக்கே அந்த மூடி தெரியாமல் போய்விட்டது.

அன்று வார்டில் நகல் மூடியோடு காட்டினாள், அவர் மூடியோடு செய்தார், நான் பக்கத்தில் நின்று டிக் போட்டேன். அவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. செய்தது நான்தான்.

மார்ச் 7, சனி

பழைய கோப்புகளைத் தோண்டினேன். முதலில் நான் அடித்த தாளில் பதினைந்து வரி. ஆறாவது: 'உள்மூடியைக் கழற்றி அப்புறப்படுத்துகிறார்.'

இப்போதைய தாளில் பதினாலு. வகுப்பில் யாரும் கழற்றாததால் எல்லோர் தாளிலும் அந்த ஒரு கட்டம் காலியாகவே நின்றது. பார்க்க அசிங்கமாக இருந்தது. அதற்காக, அதற்காக மட்டும், அந்த வரியை எடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. டீ குடிச்சுக்கிட்டே எடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

எங்கள் தலைமை மருந்தாளுநரை எல்லோரும் பெரியவர் என்போம். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. எதையும் சலசலப்பில்லாமல் முடிக்க வேண்டும் அவருக்கு. காலையில் வந்து, "விசாரணைக் கமிட்டி போட்டுட்டாங்கம்மா. பேனாவுக்கு நாம சொல்லிக் குடுக்கற தாள் வேணுமாம். மதியத்துக்குள்ள குடுத்துடுங்க" என்றார்.

கணினியில் கோப்பைத் திறந்தேன். ஐந்தாவது வரிக்குக் கீழே கர்சரை வைத்து ஒரு தட்டு. மூன்றே சொல். அடித்தேன். எண்கள் தானாகவே மாறிக்கொண்டன. பத்தேகால் மணிக்குத் தாள் சூடாக வெளியே வந்தது.

பெரியவர் விரலை வைத்து வாசித்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது. "அப்பாடா, இருக்கு! அப்ப பொண்ணுதான் விட்டிருக்கா. உங்க தாள் நம்ம மானத்தைக் காப்பாத்திடுச்சும்மா."

தலையை ஆட்டினேனா? ஆட்டினேன்.

"அவ சொல்லிக் குடுக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே?"

"நடுவுல ஒரு ஃபோன் வந்துச்சு சார்."

ஃபோன் வந்தது உண்மை. எல்லாம் முடிந்து பத்து நிமிஷம் கழித்து வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

நகல் வந்தாள். அவளை வார்டுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். கமிட்டி அவள் தவறு என்று எழுதினால் இந்தப் பயிற்சி செல்லாது, இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டும், மருந்தாளுநர் பதிவிலும் ஒரு குறிப்பு ஏறும். ஏப்ரலில் வந்து சேரச் சொல்லி ஒரு மருந்தகம் கடிதம் கொடுத்திருக்கிறது அவளுக்கு. அது போய்விடும். இதெல்லாம் அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

கையில் ஒரு நோட்டு. அச்சடித்த தாள்களை நான் திரும்ப வாங்கிவிடுவேன் என்பதால் எல்லாவற்றையும் கையால் எழுதி வைத்துக்கொள்கிற பெண் அவள் ஒருத்திதான்.

"மேடம், என் நோட்டுல பதினாலு வரிதான் இருக்கு. கமிட்டியில காட்டின தாள்ல பதினஞ்சு. நான் பார்த்து எழுதறப்ப ஒரு வரியை விட்டுட்டேன் போல."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"வகுப்புலயும் நீங்க கழட்டித்தான் காட்டியிருப்பீங்க. எனக்குத்தான் எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. நான் சரியாக் கவனிக்கல மேடம். ஸாரி."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில சமயம் அப்படித்தான் ஆகும்மா" என்றேன். அடிப் பாவி. வாய் எப்படிடி வந்துச்சு உனக்கு? அவ தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு, அதைத் தடவிக் குடுத்து அனுப்பியிருக்கே.

மார்ச் 13, வெள்ளி

வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு, கேட்டால் பதில் உண்டு. "மூணு நாளா நீ தட்டைத்தான் பார்க்கிறே, சோத்தைப் பார்க்கல" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூடி, தாள், ஃபோன், எல்லாம்.

ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேனோ? கொஞ்ச நேரம் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"லிஃப்ட்டுல கதவு மூடலைன்னா ஓடாது, அதுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கு. சோதனை பண்றப்ப அதை ஒரு கம்பியால கட்டி வச்சுட்டுத்தான் ஓட்டிப் பார்ப்போம். முடிஞ்சதும் அவிழ்த்துடணும்."

"அவிழ்க்காம வந்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. பாதி வழியில ஞாபகம் வந்துச்சு. பஸ்ஸை விட்டுக் குதிச்சுத் திரும்பி ஓடினேன்."

"யாருக்காவது ஏதாவது…"

"இல்ல. ஆனா இன்னி வரைக்கும் அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டகூட. ஒண்ணும் ஆகாததால சொல்லாம இருக்க முடிஞ்சுது." எழுந்து குழாயடிக்குப் போனார். அங்கிருந்தே, "விசாரணை என்னிக்கு?" என்றார்.

"வியாழன்."

"லீவு போடட்டுமா?"

"வேண்டாம். நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?"

"வாசல்ல நிப்பேன்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

தையல்காரரைப் பார்க்கப் போனேன். மெலிந்துவிட்டார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"வாங்கம்மா. நாப்பது வருஷம் மிதிச்ச கால், பெருவிரல் மட்டும் ஓய்வு வாங்கிட்டுப் போயிடுச்சு. மெஷினுக்கு மோட்டார் போட்டுடலாம்னு மகன் சொல்றான். எனக்கு மோட்டார்ல கை வராது."

சிரிக்கவும் முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை.

"அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதீங்கம்மா. என்னைப் பார்க்க வந்து அழுதுட்டுப் போச்சு. அது ஒவ்வொண்ணா ஒழுங்காத்தான் சொல்லிச்சு. நான்தான் ஊசி தெரிஞ்சவன்ங்கிற தெம்புல எங்கேயோ கோட்டை விட்டிருப்பேன்."

அவள் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். இவர் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். நடுவில் குத்துக்கல் மாதிரி நான் நிற்கிறேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள், அந்தச் சாக்கில் வெளியே வந்துவிட்டேன். எனக்குத்தான் சாக்குக்குப் பஞ்சமே இல்லையே.

மார்ச் 19, வியாழன்

நாலு பேர், நீள மேஜை. நடுவில் ஒரு பெரிய டாக்டர், ஓரத்தில் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை. பெரியவர் சுவரோரம். என் தாள் அவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிரதி.

முதலில் நகலைக் கேட்டார்கள். எழுந்து நின்று செருமினாள். "ஒரு வரியை நான் விட்டுட்டேன் சார். அதனாலதான் அவருக்கு இப்படி ஆச்சு." இதைச் சொல்ல எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாளோ.

பிறகு நான். எழுதி வைத்துப் படிக்கத்தான் கொண்டுபோயிருந்தேன். மடித்த தாள் கையில் இருந்தது, பிரிக்க வரவில்லை. மேஜையில் மாதிரிப் பேனா இருந்தது. "அதை எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். ஊசியைப் பொருத்தி, வெளிமூடியை எடுத்து, அங்கே கிடந்த கோப்பின் மேல் அழுத்திப் பத்து வரை எண்ணினேன். "இப்படித்தான் நான் சொல்லிக் குடுத்தேன். பல வருஷமா, எல்லாருக்கும். இந்தப் பொண்ணு என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டா."

டாக்டருக்குப் புரியவில்லை. "ஆனா ஆறாவது வரியில தெளிவா இருக்கே?"

"அது இந்த மாசம் ஒன்பதாம் தேதி காலையில பத்தேகாலுக்கு நான் சேர்த்தது. அவ நோட்டுல இருக்கற பதினாலுதான் சரி." ஃபோன் விஷயத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

 பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நகல் என்னைப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இல்லை. ஏதோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். லீவு போட்டிருக்கிறார்.

மார்ச் 20, வெள்ளி

மருந்தகத்தில் நான் வந்தால் பேச்சு நிற்கிறது. இறக்கி வைத்தால் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

தையல்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான், "கிளம்புங்கம்மா" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

முடிவு வந்தது. நகல் மேல் தவறில்லை, பயிற்சி செல்லும். தையல்காரரின் சிகிச்சை முழுவதும் ஆஸ்பத்திரி பொறுப்பு. நான் இனி மாணவர்களுக்குப் பயிற்சி தரக் கூடாது, கிடங்கில் வேலை. பதிவுக் குழுவுக்கும் கடிதம் போகிறது, அவர்கள் என்ன செய்வார்களோ.

விசாரணைக்குப் பிறகு பெரியவர் இன்றுதான் வாயைத் திறந்து ஒன்று சொன்னார். "அந்தத் தாளைத் திருத்தாம அப்படியே குடுத்திருந்தா, தெரியாம நடந்த தப்புன்னு ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும்மா. ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

தாளைத் திருத்தியதிலிருந்து பதினெட்டு நாளாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மானம் போய்விடும் என்றா? ஒரு விரலில் ஊசி ஏறியதில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போய்விடும் என்றா? இவ்வளவு அற்பமாகவா இருக்கும் காரணம்? இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

சான்றிதழ் வாங்க நகல் வந்தவள், தேடிக்கொண்டு கிடங்குக்கு வந்தாள். பெட்டிகளுக்கு நடுவில் நின்றோம். நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஸாரி சொல்லாதீங்க மேடம். கேட்டா, பரவாயில்லன்னு சொல்லத் தோணும். பரவாயில்லைன்னு இல்ல."

சரி என்றேன்.

"நீங்க நேரா, 'நீதான் தப்பு'ன்னு திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பத்து நாளா நான் என் கண்ணையே நம்பல. கேஸை அணைச்சோமான்னு நாலு தடவை எழுந்து பார்க்கிறேன். பூட்டின கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறேன். என் கையெழுத்துல இருந்த நோட்டையே பொய்னு நினைச்சேன். உங்களை நம்பணும்ங்கறதுக்காக."

அழவில்லை அவள். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. செருமாமல் பேசுகிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். போகத் திரும்பியவள், நின்று கேட்டாள்:

"எங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் மேடம்?"

அதை நான் யோசிக்கவே இல்லை என்று இங்கே எழுதினால் இந்த நோட்டிலும் பொய். யோசித்தேன். மார்ச் ஆறாம் தேதி அந்த வார்டில் நின்றபோதே யோசித்தேன். யோசிக்காத மாதிரி இருந்தேன்.

"இருநூத்துப் பதினொண்ணு" என்றேன்.

ஏப்ரல் 4, சனி

ஒன்பது வருஷத்துப் பதிவேடுகளிலிருந்து பெயரும் ஃபோன் எண்ணும் எடுத்து எழுதினேன். பெரியவர் மூலமாக எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை போகும் என்கிறார்கள். சுற்றறிக்கையை யார் படிக்கிறார்கள்? ஒவ்வொருவரிடமும் நானே பேசப்போகிறேன். இன்று பதினோரு பேர்.

ஒருத்தி சிரித்தாள். "முதல் நாளே ஒரு நர்ஸ் தலையில தட்டிச் சொல்லிக் குடுத்துட்டாங்க மேடம். உங்க மேல இருந்த பயத்துல உங்ககிட்ட சொல்லல." ஒருவன் மருந்துத் தொழிலே வேண்டாம் என்று துணி விற்கிறான். ஒருத்தி, "நீங்களா மேடம் இப்படி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நெட்டையனிடமும் பேசினேன். வகுப்பில் யாருமே உள்மூடியைக் கழற்றியதில்லை என்று அவனுக்கு அப்போதே ஞாபகம் இருந்ததாம். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன் மேடம்." நகல் அந்த மருந்தகத்தில் சேர்ந்துவிட்டாள் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 11, சனி

தொண்ணூற்றிரண்டு பேர் ஆயிற்று. இருபத்தாறு பேருடைய எண் மாறிவிட்டது. அவர்களைத் தெரிந்தவர்கள் மூலமாகத் தேடுகிறேன். இவர் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகிறார், எத்தனையாவது என்று கேட்பதில்லை.

ஏப்ரல் 18, சனி

நூற்று முப்பத்தோராவது ஆள். ஆறு வருஷத்துக்கு முந்தைய அணி. ஒரு சின்ன ஊரில் சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறான். "டிக் மேடமா! என்னை ஞாபகம் வச்சுக் கூப்பிட்டீங்களே!" என்று குதித்தான். குழந்தை பிறந்ததைச் சொன்னான். அவன் மூச்சு விடுகிற இடைவெளி பார்த்து, எல்லோருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன்.

கடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். 

"மேடம்… ஒருத்தர் வருவார். பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன். நான்தான் சொல்லிக் குடுத்தேன். எவ்வளவு போட்டும் சர்க்கரை குறையல, டாக்டர் டோஸை ஏத்திக்கிட்டே போனார். திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடறீங்களான்னு நானே அவரைத் திட்டியிருக்கேன்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"வர்றதை நிறுத்திட்டார் மேடம். தையிலேர்ந்து வரல. வேற கடைக்கு மாறிட்டார்னு நினைச்சேன்."

அவன் பெயருக்கு எதிரே டிக் போடப் போன பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவர் வீடு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"போய்ப் பார்க்கிறியா?"

ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்டது. "இப்பவே போறேன். பார்த்துட்டு உங்களுக்குச் சொல்லணுமா மேடம்?"

"சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு."

அப்போது மணி நாலு. இப்போது ஆறரை. அடுத்த எண்ணைப் போடவில்லை, அவன் கூப்பிடும்போது லைன் கிடைக்காமல் போய்விடக் கூடாது. ஃபோன் மடியில் இருக்கிறது.